வீட்டின் காலி எடை

தொழிற்பேட்டை வாசலில் இருக்கிற எடைமேடையில் லாரிகளுக்கு எடை போட்டுச் சீட்டுக் கொடுப்பவருக்கு லாரிக்காரர்கள் வைத்த பெயர் முள்ளுக்காரர். அவர் வேலையில் சேர்ந்தபோது எடை காட்டுவதற்குச் சுவர்க்கடிகாரம் மாதிரி ஒரு பெரிய வட்டத் தட்டும் முள்ளும் இருந்தன. லாரி மேடையில் ஏறினால் முள் எழுந்து, கொஞ்சம் ஆடி, ஓரிடத்தில் நிற்கும். நின்ற இடம்தான் எடை. அதில் எந்த டிரைவருக்குத்தான் திருப்தி வந்திருக்கிறது? நான் ஏற்றியது இவ்வளவு இல்லையே என்று ஒவ்வொருவரும் ஆரம்பிப்பார்கள். இவர் ஜன்னல் வழியாகத் தலையை மட்டும் நீட்டி, “முள்ளு பொய் சொல்லாது” என்பார். பேச்சு முடிந்தது. பிற்பாடு தட்டும் முள்ளும் போய்ச் சிவப்பு எண்கள் ஒளிரும் பெட்டி வந்தது. அந்த வாக்கியம் மட்டும் போகவில்லை.

நல்ல மனிதர், அதில் சந்தேகமே இல்லை. எடைச் சீட்டில் ஒரு கிலோவைக் கூட்டியோ குறைத்தோ போடச் சொல்லி எவன் வந்து நின்றாலும் நடக்காது. ஒரு டீக்குக்கூட யாரிடமும் கைநீட்டியதில்லை. ஆனால் நல்ல மனிதர்களிடம் ஒரு தொல்லை உண்டு. வேலையில் எது சரியென்று பட்டதோ, அதைக் காலில் போட்ட செருப்போடு வீட்டுக்குள்ளும் கூட்டிக்கொண்டு வந்துவிடுவார்கள். இவரும் கூட்டிக்கொண்டு வந்தார். அதனால் வந்த வினைதான் இத்தனையும்.

பிறந்ததிலிருந்து அவர் இருந்தது எல்லாம் வாடகை வீடுகளில். வாடகையோடு கரண்டும் தண்ணீரும் சேர்த்தி. மாதம் பிறந்ததும் வீட்டுக்காரர் கையில் ஒரு தொகையைக் கொடுத்துவிட்டால், ஃபேன் சுற்றும், குழாயில் தண்ணீர் வரும். அதன் பின்னால் ஒரு கணக்கு ஓடிக்கொண்டிருக்கிறது என்பது, தலைக்குள்ளே மூளை இருப்பது மாதிரி, தெரிந்த விஷயம்தான். ஆனால் யார் அதை எட்டிப் பார்த்தார்கள்?

சொந்த வீடு வேண்டும் என்று அவர் துடித்ததற்குக் காரணம் அவருடைய அப்பா. அப்பா ஒரு பேக்கரியில் அடுப்புக்காரராக இருந்தவர். ஆயுளில் பாதியை ரொட்டி அடுப்பின் வாயில் நின்று கழித்த உடம்பு. அந்தச் சூட்டுக்குப் பழகிப்போனதால், வேலையை விட்ட பிறகு அவருக்கு எங்கே உட்கார்ந்தாலும் குளிர்தான். அம்மா போனதும் அவரை இளைய மகன் அழைத்துப் போய் வைத்துக்கொண்டான். பாவம், அவனும் என்ன செய்வான், இருப்பது ஒரே ஒரு அறையும் ஹாலும். ஹாலின் மூலையில் ஒரு திரைச்சீலை. திரைக்குப் பின்னால் அப்பாவின் கட்டில். இந்தப் பக்கம் டிவியில் சண்டை, அந்தப் பக்கம் அப்பாவின் தூக்கம். போகும்போதெல்லாம் அந்தத் திரையைப் பார்த்துவிட்டு வரும் முள்ளுக்காரருக்கு இரண்டு நாள் சாப்பாடு இறங்காது. அப்பாவுக்கு ஓர் அறை வேண்டும், அதற்குக் கதவு வேண்டும், அந்தக் கதவை அவரே உள்ளேயிருந்து சாத்திக்கொள்ள வேண்டும். ஆசை அவ்வளவுதான்.

எலி வளையானாலும் தனி வளை என்று, கடனை வாங்கி, மனைவியின் வளையல்களை விற்று, புதிதாகக் கட்டிய மூன்று மாடிக் கட்டடத்தில் இரண்டாம் மாடியில் ஒரு வீட்டை வாங்கினார். மாடிக்கு இரண்டு வீடு, எதிரும் புதிருமாக. இவருடையது நாலாம் எண். எதிரே மூன்றாம் எண்ணில் வீட்டிலேயே கேக் செய்து கடைகளுக்குப் போடும் ஒரு பெண்மணி குடிவந்தார். கட்டடமே அவரைக் கேக்கம்மா என்று அழைத்தது. மாடிப்படி முழுக்க எந்நேரமும் வெண்ணெய் வாசனை. அப்பா வந்த முதல் நாள் படியேறும்போதே நின்று மூக்கை உறிஞ்சிவிட்டு, “மாவை வைக்கிறதுக்கு ரொம்ப முந்தியே அடுப்பைச் சூடாக்குறாங்க பெரியவனே. சூடு வீணாப் போகுது” என்றார். அடுத்தவர் வீட்டு அடுப்பு நமக்கெதற்கு என்று பெரியவன் சிரித்தார். அன்றைக்கு எல்லோருக்கும் சிரிப்பாகத்தான் இருந்தது.

அப்பாவின் அறைக்குக் கதவு இருந்தது. அவர் அதை முதல் வாரம் முழுக்கத் திறப்பதும் சாத்துவதுமாக இருந்தார். குளியலறையில் அவருக்கென்றே ஒரு சின்ன ஹீட்டர் மாட்டினார்கள். சேர்த்து வைக்கிற ரகம் இல்லை, தண்ணீர் ஓடும்போதே சூடாக்கித் தருகிற ரகம். சுவிட்ச் குளியலறைக் கதவுக்கு வெளியே. போட்டால் ஒரு சிவப்பு விளக்கு எரியும். அப்பா காலையில் ஒரு தடவை, பொழுது சாயும்போது ஒரு தடவை, ஆவி பறக்கக் குளித்துவிட்டுத் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு வருவார். அந்த முகத்தைப் பார்க்க வேண்டுமே! அதைப் பார்த்துவிட்டு வேலைக்குப் போனால் முள்ளுக்காரருக்கு லாரிக்காரர்கள் மேல்கூடக் கோபம் வராது.

பிறகு முதல் கரண்ட் பில் வந்தது.

அவர் அதை நின்றுகொண்டு படித்தார், பிறகு உட்கார்ந்து படித்தார், பிறகு கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு படித்தார். ஓடின யூனிட்டுக்கு ஒரு தொகை. அதிலும் முதல் படிக்கு ஒரு விலை, அடுத்த படிக்கு வேறு விலை. ஒன்றுமே போடாமல் இருந்தாலும் கட்ட வேண்டிய தொகை ஒன்று. மாடிப்படி விளக்குக்கும் தண்ணீர் மோட்டாருக்கும் எல்லா வீடும் பங்கிட்டுக்கொள்ளும் தொகை ஒன்று. கடைசியில் மொத்தம்.  பழைய வீட்டில் கொடுத்த வாடகையில் பாதி இருந்தது அது. வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார் என்று சொன்ன புண்ணியவான், பில்லைக் கட்டிப் பார் என்று ஏன் சேர்த்துச் சொல்லாமல் விட்டான்?

மருந்துக்கடையில் வேலை பார்க்கும் மனைவி, கணக்கில் கெட்டிக்காரி. அவளும் பில்லை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டு, ஆனை அசைந்து தின்னும் வீடு அசையாமல் தின்னும் என்று எங்கள் அம்மா சொல்வாள், இப்போதுதான் புரிகிறது என்றாள். மீட்டரில் ஏதாவது கோளாறு இருக்குமோ என்று அவள் மெதுவாகக் கேட்டபோது, இவர் அவளை ஒரு பார்வை பார்த்தார். லாரிக்காரர்களைப் பார்க்கிற அதே பார்வை.

“முள்ளு பொய் சொல்லாது. நாமதான் எதையோ இழுக்கிறோம்.”

எதை? அங்கேதான் ஆரம்பித்தது கூத்து. எடைமேடையில் கூட வேலை பார்ப்பவர் ஃபிரிட்ஜ்தான் என்று அடித்துச் சொன்னார். உடனே ராத்திரியில் ஃபிரிட்ஜை அணைத்து வைத்தார்கள். பால் திரிந்தது. பல்பு விற்கும் கடைக்காரர் பல்புதான் காரணம் என்றார், வேறு என்ன சொல்வார்? எல்லா பல்பையும் மாற்றினார்கள். போன் சார்ஜரைச் சும்மா மாட்டி வைத்தாலே கரண்ட் குடிக்கும் என்று மகளின் சிநேகிதி சொன்னாள் என்று மகள் சொன்னாள். ஆஹா என்று எல்லா பிளக்கையும் பிடுங்கிப் போட்டார். மறுநாள் காலை அவருடைய போனே செத்துக் கிடந்தது, அலாரம் அடிக்கவில்லை, எடைமேடையில் லாரிகள் தெருமுனை வரைக்கும் நின்று ஹாரன் அடித்தன. தண்ணீரைக் குறைத்தால் மோட்டார் ஓடுவது குறையும் என்று யாரோ சொல்ல, குழாய்களுக்கு நடுவே நின்று காவல் காத்தார். மின்வாரிய ஆபீசுக்கும் போனார். ஒரு ஜன்னலில் பக்கத்து ஜன்னலைக் காட்டினார்கள், பக்கத்து ஜன்னலில் ரீடிங் சரியாகத்தானே இருக்கிறது என்றார்கள். சரியாகத்தான் இருந்தது. கீழ்த்தளத்தில் மீட்டர்கள் வரிசையாக இருக்கிற இடத்துக்கு அவரே போய், நாலு என்று எழுதியிருந்த பெட்டியில் எண்ணைப் பார்த்தார். பில்லில் இருந்ததும் அதில் இருந்ததும் சுத்தமாக ஒத்துப்போயின. இனி என்ன பேச்சு? அவர் ஜன்னல் முன்னால் நின்ற லாரிக்காரன் மாதிரி வாயை மூடிக்கொண்டு வந்தார்.

அடுத்த பில் அதைவிட ஏறி வந்தது.

இந்த இடத்தில்தான் மனிதருக்கு உண்மையாகவே மண்டை குழம்பியது. இத்தனை அணைத்தோம், இத்தனை பிடுங்கினோம், குறைய வேண்டியது ஏன் ஏறுகிறது? சுமையை இறக்க இறக்க எடை கூடுகிற லாரியை அவர் வாழ்நாளில் பார்த்ததில்லை. ராத்திரி கண்ணை மூடினால் சிவப்பு எண்கள் ஓடின.

மாடிப்படியில் கேக்கம்மாவைப் பார்த்தபோது, வெட்கத்தை விட்டு அவரிடமே கேட்டார். ஓவன் வைத்துத் தொழில் செய்கிறவர்களுக்கு நம்மைப் போல நாலு மடங்கு வருமே, எப்படிச் சமாளிக்கிறார்கள்? கேக்கம்மா கையிலிருந்த மாவைத் தட்டிக்கொண்டு, எங்களுக்கு ஒன்றும் அப்படி வருவதில்லையே என்றார். குடிவந்த மாதத்தைவிட இந்த மாதம் இன்னும் குறைந்திருக்கிறதாம். புது ஓவன் கரண்டே இழுக்காது என்று கடைக்காரர் சொன்னது முழுக்க உண்மையாம். அந்தத் தைரியத்தில் தவணையில் இரண்டாவது ஓவனும் வாங்கிவிட்டாராம்.

“எல்லாம் ஒரு கைராசிதான் அண்ணே. நீங்க வேணா வெந்நீர் போடுறதைக் கொஞ்சம் குறைச்சுப் பாருங்க. ஹீட்டர்தான் ஆளை முழுங்கும்னு சொல்வாங்க.”

ஓவன் இரண்டு வைத்திருக்கும் அம்மாள் சொல்கிறார், ஹீட்டர் ஆளை முழுங்கும் என்று! இவரும் அதைக் கேட்டுக்கொண்டு தலையை ஆட்டினார். இவரைச் சொல்லி என்ன, எண் கேக்கம்மா பக்கம் இருந்தது. எண் எந்தப் பக்கமோ முள்ளுக்காரர் அந்தப் பக்கம்.

ஹீட்டர் சுவிட்சுக்குப் பக்கத்தில் அன்றைக்கே ஒரு காகிதம் ஒட்டப்பட்டது. ஐந்து நிமிடம் போதும் என்று மட்டும் எழுதியிருந்தது, யாருக்கு என்று எழுதவில்லை. எழுத வேண்டுமா என்ன? அந்த ஹீட்டரைப் போடுகிறவர் வீட்டில் ஒரே ஒருவர்தான். மனைவி காகிதத்தைப் பார்த்துவிட்டு, மாமா மனசு நோகும், கிழியுங்கள் அதை என்றாள். பொதுவாகத்தானே எழுதியிருக்கிறேன் என்றார் இவர். அப்பா காகிதத்தைப் படித்தார். பேக்கரியில் ரொட்டிக்கு நேரம் பார்த்துப் பழகிய கை, மறுநாளிலிருந்து தன் பழைய கைக்கடிகாரத்தைக் குளியலறை ஜன்னலில் கழற்றி வைத்துக்கொண்டு குளித்தது.

ஒருநாள் காலை வேலைக்குக் கிளம்பும் அவசரம். குளியலறையில் தண்ணீர் விழும் சத்தம் நின்றது. சிவப்பு விளக்கு மட்டும் எரிந்துகொண்டிருந்தது. குளித்துவிட்டு அணைக்க மறந்துவிட்டார் என்று நினைத்து முள்ளுக்காரர் சுவிட்சைத் தட்டிவிட்டார். அப்பா குழாயை மூடிச் சோப்புப் போட்டுக்கொண்டிருந்திருக்கிறார். தண்ணீரை மிச்சம் பிடிக்கிறாராம், அதுவும் மகன் சொல்லிக் கொடுத்ததுதான். மறுபடி தண்ணீர் விழும் சத்தம் கேட்டபோது முள்ளுக்காரரின் கை சுவிட்சுக்குப் போனது. போன கை பாதியில் நின்றது. உள்ளேயிருந்து யாரும் கூப்பிடவில்லை. பழக்கமாகட்டுமே என்று அந்தக் கை திரும்பி வந்துவிட்டது. அப்பா வெளியே வந்தார். உதடு நீலம் பாரித்திருந்தது. மகனைப் பார்த்து, “நேரமாகலையா உனக்கு?” என்று மட்டும் கேட்டார்.

பாவி மகன், நான்தான் அணைத்தேன் என்று அப்போதாவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

அந்த மாதப் பில் வந்த அன்று அவர் ஹாலில் நின்று கத்தியது மாடிப்படி வரை கேட்டது. பில் இன்னும் ஏறியிருந்தது. யாரையும் பெயர் சொல்லிக் கத்தவில்லை, அந்த நாகரிகம் மட்டும் இருந்தது.

“முள்ளு பொய் சொல்லாது. அப்போ இந்த வீட்டுக்குள்ள யாரோ பொய் சொல்றாங்க. நான் அந்தப் பக்கம் போனதும் இந்தப் பக்கம் யாரோ போட்டுக்கிறாங்க!”

அப்பாவின் அறைக் கதவு சாத்தியிருந்தது. கதவு வேண்டும் என்று ஆசைப்பட்டு வாங்கிய கதவு, ஆனால் சத்தம் அதன் வழியாகப் போகாமலா இருக்கும்? மறுநாள் காலை அப்பா குளிக்காமலே சட்டையைப் போட்டுக்கொண்டு, பையோடு ஹாலில் உட்கார்ந்திருந்தார். சின்னவனைப் பார்த்துக் கனநாளாகிவிட்டது, கொஞ்ச நாள் அங்கே இருந்துவிட்டு வருகிறேன் என்றார். மனைவி கணவனைப் பார்த்தாள். மகள் தன் அப்பாவைப் பார்த்தாள். முள்ளுக்காரர் பஸ் எத்தனை மணிக்கு என்று பார்த்தார். உள்ளதைச் சொன்னால், அப்பா படியிறங்கிப் போனபோது அவர் மனசின் ஒரு ஓரத்தில், சரி, இந்த மாதம் தெரிந்துவிடும் என்று ஒரு நிம்மதிகூட எட்டிப் பார்த்தது. அதற்காக அவரே தன்னைப் பிற்பாடு காறித் துப்பிக்கொண்டார், ஆகவே நாம் துப்ப வேண்டாம்.

அறை காலியாகக் கிடந்தது. ஹீட்டரை யாரும் தொடவில்லை. மனைவி தேவைக்கு மேல் ஒரு வார்த்தை பேசுவதில்லை. மகள் தாத்தாவின் அறையில் போய் உட்கார்ந்து படித்தாள், விளக்கைப் போடாமல், ஜன்னல் வெளிச்சத்தில். கண் கெட்டுவிடும் என்று இவர் சொன்னதற்கு, “பில் கெட்டுடுமேப்பா” என்றாள். அவள் வாய்த்துடுக்கு யாரிடமிருந்து வந்தது என்று அவருக்குத் தெரியும்.

மாதம் முடிந்தது. பில் வந்தது. ஒரு துளி குறையவில்லை. போன மாதத்தைவிடக் கொஞ்சம் கூடத்தான் இருந்தது.

முள்ளுக்காரர் பில்லைக் கையில் வைத்துக்கொண்டு திருதிருவென்று விழித்தார். எண்ணும் பொய் சொல்லாது, அப்பாவும் இங்கே இல்லை. அப்படியானால் பொய் சொல்வது யார்? ஃபிரிட்ஜா? சுவரா? இந்த வீட்டுக்குள் கண்ணுக்குத் தெரியாத ஐந்தாவது ஆள் ஒருவன் குடியிருந்து வெந்நீரில் குளித்துக்கொண்டிருக்கிறானா? அவருக்கு நிஜமாகவே பயம் வந்துவிட்டது. யாரிடமும் ஒன்றும் சொல்லாமல் வேலைக்குப் போனார்.

அன்று பழைய இரும்பு ஏற்றிய லாரி ஒன்று மேடையில் வந்து நின்றது. எடை அதிகம் காட்டியது. டிரைவர் வழக்கமான பாட்டைப் பாடினான், இரும்பு இவ்வளவு இல்லை என்று. இவரும் வழக்கமான பாட்டைப் பாட வாயைத் திறந்தார். என்னமோ அன்றைக்கு அது வரவில்லை. அதற்குப் பதிலாக, “சரக்கை இறக்கிட்டு வா. காலி எடை போட்டுப் பார்க்கலாம். காலி எடை தெரியாம சண்டை என்ன சண்டை?” என்றார். சரக்கு இறங்கும்வரை டிரைவரும் கிளீனரும் போய் டீ குடித்தார்கள். முள்ளுக்காரர் ஜன்னலில் தலையை நீட்டியபடியே அப்படியே இருந்தார். நீட்டிய தலை உள்ளே வரவில்லை. தான் சொன்னது தன் காதிலேயே விழுந்துவிட்டது.

வீட்டுக்குக் காலி எடை போட்டோமா? ஒவ்வொரு சாமானாகச் சந்தேகப்பட்டோம், ஒவ்வொரு ஆளாகச் சந்தேகப்பட்டோம். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் இறக்கிவிட்டு, வெறும் வீடு எவ்வளவு காட்டுகிறது என்று ஒரு நாளாவது பார்த்தோமா?

அரை நாள் லீவு சொல்லிவிட்டு, வெயிலில் வீட்டுக்கு வந்தார். மகள் கல்லூரியிலிருந்து வந்திருந்தாள். ஒன்றும் விளக்காமல் மெயின் சுவிட்சை இறக்கினார். ஃபேன் மெதுவாகி நின்றது, ஃபிரிட்ஜ் உறுமலை நிறுத்தியது. வீட்டில் ஒரு பொட்டு விளக்குகூட இல்லை. வா என்று மகளைக் கூட்டிக்கொண்டு கீழே இறங்கினார். நாலாம் எண் பெட்டியின் முன்னால் போய் நின்றார். கரண்ட் ஓடினால் மீட்டரில் ஒரு சின்ன விளக்கு சிமிட்டும், வேகமாக ஓடினால் வேகமாகச் சிமிட்டும்.

விளக்கு படபடவென்று சிமிட்டிக்கொண்டிருந்தது. எண் கண்ணெதிரே ஏறியது.

“அப்பா, நம்ம வீட்டுலதான் ஒண்ணுமே இல்லையே?” என்றாள் மகள்.

 முப்பது வருஷமாக நம்பிய முள் முதல்முறையாகத் தன் முகத்துக்கு நேரே பொய் சொல்கிறது என்றுதான் அவருக்குத் தோன்றியது. படியில் உட்கார்ந்துவிட்டார். மேலேயிருந்து வெண்ணெய் வாசனை இறங்கி வந்தது. மகள் மட்டும் பக்கத்துப் பெட்டியை எட்டிப் பார்த்தாள். மூன்றாம் எண். அதில் சிமிட்டலே இல்லை, செத்துப்போன மாதிரி இருந்தது. ஓவன் வைத்திருக்கிற வீட்டு மீட்டர் ஏன்ப்பா தூங்குது என்று கேட்டாள்.

அவர் எழுந்தார். மகளை மேலே அனுப்பிக் கேக்கம்மாவை ஓவன்களை ஒரு நிமிஷம் அணைக்கச் சொன்னார். மாவு அமுங்கிப்போகும் என்று கேக்கம்மா சத்தம் போடுவது கீழே வரை கேட்டது. பிறகு மகளின் குரல் வந்தது, அணைச்சாச்சு என்று. நாலாம் எண் பெட்டியில் படபடப்பு அடங்கி, விளக்கு எப்போதோ ஒரு தடவை சோம்பலாகச் சிமிட்டியது. போடச் சொன்னார். மறுபடி படபடவென்று அடித்துக்கொண்டது.

முள் பொய் சொல்லவில்லை. ஒருநாளும் சொல்லவில்லை. ஆனால் மேடையில் நிற்பது யாருடைய லாரி என்று அவர் பார்க்கவே இல்லை.

கட்டடம் கட்டியபோது பெட்டிகளில் எண் எழுதியவன் மூன்றையும் நாலையும் இடம் மாற்றி எழுதிவிட்டான், அவ்வளவுதான் விஷயம். இவர்கள் அணைத்த ஒவ்வொரு விளக்கும், திரிந்த ஒவ்வொரு பாலும், கேக்கம்மாவின் பில்லைத்தான் குறைத்தது. அது குறையக் குறைய அவர் இன்னொரு ஓவன் வாங்க, அது இவர்கள் தலையில் விடிந்தது. விஷயம் புரிந்ததும் கேக்கம்மா வாசலிலேயே தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். கைராசி என்று நினைத்தேனே அண்ணே, இந்த விலைக்கு விற்றால் எனக்கு இனி என்ன மிஞ்சும் என்று அழுதார். முள்ளுக்காரருக்கு அவர்மேல் கோபம் வரவில்லை. அவரும் எண்ணைத்தானே நம்பினார்? இரண்டு வீட்டாரும் மின்வாரிய ஆபீசில் எழுதிக் கொடுத்தார்கள், இந்த முறை எந்த ஜன்னலும் பக்கத்து ஜன்னலைக் காட்டவில்லை, ஆள் வந்து பார்த்து எண்களை மாற்றிவிட்டுப் போனார். கூடுதலாகக் கட்டின தொகையை இனி வரும் பில்களில் சரிக்கட்டுவதாகச் சொன்னார்கள்.

எல்லாவற்றையும் சரிக்கட்டிவிடலாம் என்ற நினைப்பில்தான் அவர் தம்பி வீட்டுக்குப் பஸ் ஏறினார்.

அப்பா திரைக்குப் பின்னால் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். ஸ்வெட்டர் போட்டிருந்தார். முள்ளுக்காரர் மூச்சுவிடாமல் எல்லாவற்றையும் சொன்னார். காலி எடை போட்டது, பெட்டி மாறியது, கேக்கம்மா அழுதது. நீங்கள் ஒன்றுமே செலவு பண்ணவில்லை அப்பா, உங்கள் வெந்நீர் எல்லாம் ஒரு கணக்கே இல்லை, நீங்கள் போன பிறகும் அதே எண்தான் காட்டியது என்று, ஏதோ நல்ல சேதி கொண்டுவந்தவர் மாதிரி சொன்னார். அப்பா நன்றாகக் கேட்டுக்கொண்டார். கேலியாகச் சிரிக்கவும் செய்தார், அந்த அம்மா அடுப்பை முந்தியே சூடாக்குறாங்கன்னு அன்னைக்கே சொன்னேனா இல்லையா என்று. பிறகு கேட்டார்.

“எல்லாம் சரி பெரியவனே. மீட்டர் சரியா இருந்திருந்தா?”

திரைக்கு அந்தப் பக்கம் டிவியில் யாரோ கைதட்டினார்கள்.

எந்த டிரைவர் எதைக் கேட்டாலும் பதில் வைத்திருந்த மனிதர். அப்படியெல்லாம் பேசாதீங்கப்பா என்று சொல்லலாம். உங்களை விட்டுவிடுவேனா என்று சொல்லலாம். உலகத்தில் எல்லாப் பிள்ளைகளும் சொல்கிற பதில்கள் அவை, நாக்கு நுனியில் வந்தும் நின்றன. ஆனால் ஒரு கிலோவைக் கூட்டிப் போட்டு அறியாதவருக்கு, வார்த்தையிலும் கூட்டிச் சொல்ல வரவில்லை.

“தெரியலைப்பா” என்றார். கண் நிறைந்துவிட்டது.

 அப்பா கட்டிலுக்கு அடியிலிருந்து பையை இழுத்தார். இரண்டு பேரும் பஸ் ஏறினார்கள்.

வீட்டில் காகிதத்தைக் கிழித்து, பசை ஒட்டிய தடத்தைக்கூட மனைவி தேய்த்துக் கழுவியிருந்தாள். கேக்கம்மா ஒரு பெரிய கேக்கோடு வந்து போனார். பில் சின்னதாக வந்தது. எல்லாம் சரியாகிவிட்டது, அப்பாவின் குளியலைத் தவிர. அவர் ஹீட்டரைத் தொடவில்லை. காலையில் பச்சைத் தண்ணீரில் அவசரமாகக் குளித்துவிட்டு, பற்கள் அடித்துக்கொள்ள வெளியே வருவார். முள்ளுக்காரர் முந்திக்கொண்டு போய்ச் சுவிட்சைப் போட்டு வைப்பார். அப்பா உள்ளே போகும்போது அதை அணைத்துவிட்டுப் போவார். மறுநாள் இவர் போடுவார். அவர் அணைப்பார்.  நீயாவது சொல்லேன் என்று மனைவியிடம் கெஞ்சிப் பார்த்தார். நீங்கள் அணைத்ததை நான் எப்படிப் போட முடியும் என்றாள் அவள்.

இப்படியே நாள் போயிற்று. ஒரு காலையில் அவருக்கு எழுந்திருக்க நேரமாகிவிட்டது. அடித்துப் பிடித்துக்கொண்டு குளியலறைப் பக்கம் ஓடினார். கதவு சாத்தியிருந்தது, உள்ளே தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது, கதவிடுக்கில் ஆவி வந்துகொண்டிருந்தது. சிவப்பு விளக்கு எரிந்தது. நீ போட்டாயா என்று மனைவியைக் கேட்டார். இல்லை என்றாள். மகளைக் கேட்டார். இல்லை.

தண்ணீர் சத்தம் நின்றது. உள்ளே சோப்பு வைக்கும் ஓசை கேட்டது. முள்ளுக்காரர் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு, மறுபடி தண்ணீர் விழும்வரை அந்தச் சுவிட்சுக்கு முன்னால் காவல் நின்றார்.